காதின் மேல் விளிம்பு

பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, மாமா, அப்பா மூவரும் சௌக்கியமா? அப்பா போனில் "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்" என்று மூன்று தடவை சொல்கிறார். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். அதனால் நீ உன் கையால் எழுது.

விஷயம் இதுதான். அப்பாவின் காது தேர்வாகிவிட்டது!

நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே உள்ள திடலில் பெரிய கான்கிரீட் சிற்பம் வைக்கப் போகிறார்கள் என்று சொன்னேனே, எங்கள் பட்டறை கொடுத்த மாதிரியையே எடுத்துக்கொண்டார்கள். ஒரு பேருந்து நீளத்துக்கு ஒரு காது. புல்தரையில் வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும். விளிம்பில் ஆட்கள் உட்காரலாம், குழிக்குள் இறங்கி நடக்கலாம். மழை பெய்தால் காதுத் துளை வழியாகத் தண்ணீர் வடிந்துவிடும். குடிநீர் வாரியத்தில் காலமெல்லாம் குறை கேட்ட மனிதருக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும் என்று நான் கேட்டதாக அவரிடம் சொல்.

தேர்வுக் குழுவில் ஒருவர் "யாருடைய காது?" என்று கேட்டார். சொன்னேன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்ல வந்தவர்கள் மருமகள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது வரைக்கும் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போவதைச் சொன்னேன். கவுன்டர் ஜன்னல் பக்கம் வலது காதைத் திருப்பிக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பதையும் சொன்னேன். சரிசெய்து தருகிறேன் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை, அது அவர் கையில் இல்லை. "கேட்டுக்கிட்டேன்" என்பார். பாதிப் பேர் அதிலேயே சமாதானமாகிவிடுவார்கள். இதைச் சொல்லி முடித்ததும் கேள்வி கேட்டவர் தன் காதையே ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். கிடைத்துவிடும் என்று அப்போதே தெரிந்தது.

டிசம்பரில் வந்தபோது, அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருக்க நான் போனும் கையுமாக அவரைச் சுற்றி வந்தேன் அல்லவா? "கொசு மாதிரி என்னடா சுத்துறே" என்று நீ திட்டினாய். அந்த ஸ்கேனைத்தான் பயன்படுத்துகிறோம். இப்போது அவர் காது என் கணினித் திரை முழுக்கக் கிடக்கிறது. நேற்று உட்கார்ந்து அதைச் சுத்தம் செய்தேன். போன் கேமரா எடுத்தது, கண்ட இடத்தில் பிசிறு தட்டியிருந்தது. மேல் விளிம்பில் ஒரு முண்டுகூட முளைத்திருந்தது. மென்மையாக்கும் கருவியை அதன் மேல் நாலு தேய் தேய்த்தேன், வழவழவென்று ஆகிவிட்டது. அப்பாவுக்குப் பத்து வயது குறைந்துவிட்டதாகச் சொல்.

பள்ளிக்கூடத்தில் உன்னை முறக்காது என்று கூப்பிட்டவர்கள் எல்லாம் இனி வந்து அந்தக் காதில் உட்காரட்டும். அப்பாவின் காது உனக்கு, அம்மாவின் சின்னக் காது எனக்கு என்று பாகம் பிரித்தவர் யாரோ!

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் முக்கியமானது எதுவென்றாலும் "எழுதிக் குடு" என்று சொல்லி வளர்த்த வீடு நம்முடையது. மாமாவுக்கு என் அன்பு.

உன் தம்பி

பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு எல்லோரும் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். அந்தத் தூசியில் முகமூடி போடாமல் நிற்கிறாய் என்று புகைப்படத்திலேயே தெரிகிறது. உனக்கு அழகு காட்ட அங்கே யார் இருக்கிறார்கள்?

கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். எழுந்து போய்க் கண்ணாடி முன் நின்று தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினார். "ரெண்டுல எதை எடுத்தான்?" என்றார். வலது என்றேன். "அதுதான் சரி. இடது அவ்வளவா வேலை செஞ்சதில்ல" என்றார். இப்போது துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் எல்லோரும் அவர் காதைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். நான் அளவெடுக்கும் நேரத்தில் அவர் கதையை ஆரம்பித்தால் வந்தவர்களின் தோளளவு எனக்கு மறந்து போகிறது.

எல்லோரும் நலம் என்று எழுதிவிட்டேன். எழுத்தில் பொய் இருக்கக் கூடாது என்பது அப்பா போட்ட சட்டம், அதனால் இதையும் எழுதுகிறேன். அவருக்கு ஒரு சின்னப் புண், ஆறாமல் அடம் பிடிக்கிறது. சவரக்கத்தி கீறியது என்கிறார். வியாழக்கிழமை தோல் டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். நீ இதற்கெல்லாம் மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. மாமா விசாரித்ததாகச் சொன்னார்.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். நான் இப்போது முகமூடி போடுகிறேன். போடாவிட்டால் உன் கடிதம் கண் முன் வந்து முறைக்கிறது.

அச்சு வெட்டும் வேலை தொடங்கிவிட்டது. பட்டறை நடுவில் ஒரு ரோபோ கை நிற்கிறது. அதன் நுனியில் சுழலும் கத்தி. ஆளுயரத் தெர்மோகோல் கட்டிகளை எடுத்து வைத்தால், கணினியில் நான் கொடுத்த வடிவத்தை அது பொறுமையாகக் குடைகிறது. காதை மொத்தமாக வார்க்க முடியாது என்பதால் பல துண்டுகளாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அச்சு. அதற்குள் பிசின் பூசி, கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றி, இறுகியதும் கிரேனில் தூக்குவோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அச்சில் எல்லாமே நேர்மாறு. காதில் மேடாக இருப்பது அச்சில் பள்ளம், பள்ளமாக இருப்பது மேடு. துணியின் உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைக்கிற உனக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்குத்தான் முதல் வருஷம் தலை சுற்றியது. எங்கள் வார்ப்பு மேஸ்திரி ஓர் அம்மாள். அதிகம் பேசமாட்டார், அச்சைக் கையால் தடவியே எங்கே என்ன வரும் என்று பார்ப்பார். எனக்குக் காதுக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறார்.

ஓர் உதவி வேண்டும். ஸ்கேன் எடுத்தபோது அப்பாவின் சட்டைக் காலர் மறைத்ததில் காது மடலின் அடிப்பகுதி சரியாக விழவில்லை. மாமாவை விட்டு அவர் வலது காதைக் கீழிருந்து மெதுவாக வீடியோ எடுத்து அனுப்பச் சொல். மடலும் அதன் பின்பக்கமும் தெரிந்தால் போதும், மீதியை நான் ஒட்டிக்கொள்வேன். மடல் துண்டை ஜூனில்தான் வார்ப்போம், ஆனாலும் சீக்கிரம் அனுப்பு.

புண் ஆறியதா?

உன் தம்பி

ஏப்ரல் 2
(உறையில் போட்டு ஒட்டியும் அனுப்பாமல் வைத்த கடிதம்)

அன்புள்ள தம்பிக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நேரே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குப் புற்றுநோய். புண் இருந்தது வலது காதின் மேல் விளிம்பில். போன வாரம் அறுவை சிகிச்சை நடந்தது. வலது காதை எடுத்துவிட்டார்கள். நீ வீடியோ கேட்கிறாய். எந்தக் காதை எடுத்து அனுப்பச் சொல்கிறாய்?

கழுத்து வரைக்கும் இறங்கிவிட்டது என்கிறார்கள். "வெயில்ல செய்யற வேலையா?" என்று டாக்டர் கேட்டார். நிழலில் உட்கார்ந்து செய்த வேலைதான், ஆனால் கவுன்டர் ஜன்னல் மேற்குப் பார்த்தது என்றேன். "நாலஞ்சு மாசம் முன்னாடி வந்திருந்தா நகத்தளவு வெட்டி எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்போம்" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உன் பிப்ரவரி கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். மேல் விளிம்பில் ஒரு முண்டு, நாலு தேய் தேய்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். கேமராவின் பிசிறு இல்லையடா அது.

அப்பா உன்னிடம் சொல்லக் கூடாது என்கிறார். "அவன் வேலை முடியட்டும். பாதியில கூப்பிட்டா பாதி மனசோட வருவான்" என்கிறார். அவருக்கு அந்த முண்டைப் பற்றி நீ எழுதியது நினைவில்லை, வாசிக்கும்போது சிரித்தார், அவ்வளவுதான். எனக்கு நினைவிருக்கிறது. சொன்னால் நீ அன்றே கிளம்பி வருவாய். வரும் வழியெல்லாம் அந்தத் திரைதான் உன் கண் முன் நிற்கும். அதற்குப் பிறகும் நிற்கும். சொல்லாவிட்டால் அவர் இருக்கும்போது நீ வராமல் போய்விடுவாய். இரண்டில் எதை நான் உனக்குச் செய்வது?

அக்கா

ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ நலம் என்று தெரிந்து சந்தோஷம். நீ கேட்ட வீடியோவை நேற்று மாமா எடுத்தார், போனில் அனுப்பிவிட்டோம். வெளிச்சம் போதும் என்று நினைக்கிறேன்.

டாக்டரைப் பார்த்தோம். மருந்து கொடுத்திருக்கிறார்.

துணி நிறையச் சேர்ந்துவிட்டது, அதிகம் எழுத முடியவில்லை. வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

அக்கா

மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வீடியோ அருமை. மாமா இவ்வளவு நிதானமாகக் கை நடுங்காமல் எடுப்பார் என்று எனக்குத் தெரியாது. பழைய ஸ்கேனோடு பொருத்தினால், தைத்த இடம் தெரியாமல் உட்கார்ந்துவிட்டது.

குழித் துண்டுகள் வார்த்து முடிந்தன. முதல் துண்டை அச்சிலிருந்து தூக்கியபோது பட்டறை முழுக்க வேலையை விட்டுவிட்டு வந்து நின்றது. ஈரச் சாம்பல் நிறம். வார்ப்பு மேஸ்திரி உள்ளே குனிந்து "கேக்குதா?" என்று கத்தினார். அந்த அம்மாள் விளையாடி நான் பார்த்ததே இல்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எப்போதும் முதல் வரியில் "இங்கு எல்லோரும் நலம்" என்று எழுதுவாய். போன கடிதத்தில் அதைக் காணோம். மறந்துவிட்டாயா? அப்பாவும் போனில் முன்போல் பேசுவதில்லை. நான் சொன்னதையே திரும்பச் சொல்லச் சொல்கிறார். வீடியோ காலில் முகம் பார்த்துப் பேசலாம் என்றால் "என் மூஞ்சிய நானே எதுக்குப் பாக்கணும்" என்கிறார். ஜூலைக் கடைசியில் திடலில் நிறுத்திவிடுவோம். மறுநாளே ரயில் ஏறுகிறேன். அப்பாவைக் கையோடு கூட்டி வந்து அவர் காதுக்குள் உட்கார வைக்கப் போகிறேன்.

உன் தம்பி

மே 24

அன்புள்ள தம்பிக்கு,

சௌக்கியமாக இரு. உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்தேன். மேஸ்திரி கத்திய இடத்தில் சிரித்தார். மறுபடி வாசிக்கச் சொன்னார்.

ஜூலை வரைக்கும் காத்திருக்க வேண்டுமா? நடுவில் ஒரு வாரம் விடுப்புக் கிடைத்தால் வந்துவிட்டுப் போ. காரணம் என்று எதுவும் இல்லை. வந்து ரொம்ப நாளாகிறது.

முதல் வரியைப் பற்றிக் கேட்டிருந்தாய். வேலை அவசரம்.

அக்கா

ஜூன் 6

அக்கா,

இன்று காலை மடல் துண்டின் அச்சுக்குப் பிசின் பூசினோம். மேஸ்திரி அம்மாள் வழக்கம்போல் உள்ளே தடவிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றுவிட்டார். "காதுக்காரரே, இங்க ஒரு மொட்டு நிக்குது. இது வேணுமா, சீவிடவா?" என்றார். கைமுட்டி அளவுக்கு ஒரு மேடு. அச்சில் மேடு என்றால் காதில் பள்ளம். மடலின் நட்டநடுவில் ஒரு பள்ளம்.

திரையில் பார்த்தபோது எனக்கு உறைக்கவில்லை. கையால் தொட்டதும் தெரிந்துவிட்டது. அது கம்மல் துளை. அப்பாவுக்குக் காது குத்தியதே இல்லை. நீ உன் காதை அனுப்பியிருக்கிறாய்.

கோபமில்லை. அப்பாவின் காதை ஏன் அனுப்பவில்லை என்றுதான் யோசித்தேன். ஆறாத புண், நின்றுபோன முதல் வரி, திரும்பச் சொல்லச் சொல்லும் அப்பா, காரணம் இல்லாமல் வந்துவிட்டுப் போ என்ற நீ. பிறகு கணினியைத் திறந்து டிசம்பரில் எடுத்த ஸ்கேனைத் தேடினேன். நான் கை வைப்பதற்கு முந்தையது. நல்லவேளை, அதை அழிக்கவில்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். அது பிசிறு மாதிரியே இல்லை, அக்கா. அடியில் வேர் பிடித்து, நடுவில் வெடித்து, ஓரம் தடித்து நிற்கிறது. வார்த்தால் ஒரு முக்காலி அளவுக்கு வரக்கூடியது, திரையில் என் முகத்துக்கு நேரே நின்றிருக்கிறது. உலகத்திலேயே அதை அவ்வளவு பெரிதாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். பார்த்துவிட்டு, அழகாக இல்லை என்று தேய்த்துவிட்டேன். உனக்குக் கடிதம் வேறு எழுதினேன், வேடிக்கையாக.

போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன், போட முடியவில்லை. நீ எழுது. அப்பாவின் புண் அந்த விளிம்பில் இல்லை, வேறு எங்கோ என்று எழுது. எழுத்தில் நீ பொய் சொல்லமாட்டாய். அப்படி எழுத முடியாதென்றால், எந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் அவர் எதிரில் வந்து நிற்பது என்று எழுது.

தம்பி

ஜூன் 11

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்டபடி எழுத என்னால் முடியாது. ஏப்ரலில் எழுதி அனுப்பாமல் வைத்த கடிதம் இந்த உறையிலேயே இருக்கிறது. அதை முதலில் படி. படித்துவிட்டு இதற்கு வா.

படித்தாயா? அந்தக் கடிதத்திலும் நான் எழுதாத ஒன்று உண்டு. அம்மா போன பிறகு மாதா மாதம் அப்பாவுக்கு முடி வெட்டிவிடுவது நான்தான். அந்த முண்டு எனக்குத் தெரியும். கத்திரி பட்டுவிடக் கூடாதே என்று காதை விரலால் மடித்துப் பிடித்துக்கொண்டு வெட்டியிருக்கிறேன். மரு என்று நினைத்தேன். அவர் தினமும் தொட்டார், கொப்புளம் என்று நினைத்தார். மாமா பார்த்தார், ஒன்றும் நினைக்கவில்லை. நீ தொலைவில் இருந்து ஒரு தடவை பார்த்தாய். நான் பக்கத்தில் இருந்து பல மாதம் தொட்டுக்கொண்டிருந்தேன். பழி சுமக்க ஆள் வேண்டுமென்றால் வரிசையில் எனக்குப் பின்னால் போய் நில். உன்னைக் காப்பாற்றத்தான் கடிதத்தை அனுப்பவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னையும் சேர்த்துத்தான் காப்பாற்றிக்கொண்டேன்.

உன் கடிதத்தை அப்பாவிடம் மறைக்கவில்லை. இடது காதருகே உட்கார்ந்து முழுக்க வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு, கவுன்டரில் உட்காருவாரே, அதே மாதிரித் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார். முடித்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. தூங்கிவிட்டார் போல என்று மடிக்கப் போனேன்.

"கேட்டுக்கிட்டேன்னு எழுது" என்றார்.

"அவ்வளவுதானாப்பா?"

"வேற என்ன? குறை சொன்னான், கேட்டுக்கிட்டேன். கிளம்பி வரச் சொல்லு."

டாக்டர் நாள் குறித்துச் சொல்லவில்லை, ஆனால் ஜூலைக் கடைசி வரை காத்திருக்காதீர்கள் என்றார். எந்த முகத்தோடு வருவது என்று கேட்டாய். இருக்கிற முகத்தோடு வா. உடனே வா.

அக்கா

அக்டோபர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வந்து சேர்ந்து இரண்டு மாதமாகிறது, இப்போதுதான் எழுத முடிகிறது. நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? வீட்டில் அப்பாவின் நாற்காலியை அதே இடத்தில் வைத்திருக்கிறாயா, நகர்த்திவிட்டாயா? எதுவானாலும் சரி, எழுது.

அப்பாவோடு அந்தக் கடைசி ஏழு வாரம் எனக்குக் கிடைத்ததற்கு உன்னிடம் நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ரயிலடியில் வாய் வரவில்லை. அங்கே இருந்தபோது ஒருநாள், நீ கடைக்குப் போயிருந்த சமயம், அப்பாவிடம் கேட்டேன். விளிம்புத் துண்டு இன்னும் வார்க்கவில்லை, நான் தேய்த்ததை மறுபடி வைக்கட்டுமா என்று. கொஞ்ச நேரம் கழுத்திலிருந்த மருந்துக் கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். "இருந்ததுதானே. இருக்கட்டும்" என்றார்.

வைத்துவிட்டேன். டிசம்பர் ஸ்கேனிலிருந்து அந்த இடத்தை மட்டும் எடுத்து ரோபோ கைக்குக் கொடுத்தேன். அச்சில் அது ஒரு குழிதான். கத்தி குடைந்து முடிக்கும் வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன். உன் கம்மல் துளையையும் சீவவில்லை. மேஸ்திரி அம்மாள் அந்தக் குழிக்குள் கான்கிரீட்டைத் தன் கையால் அழுத்தி நிரப்பினார்.

போன வாரம் திடலில் நிறுத்தினோம். எனக்காக நகராட்சி இரண்டரை மாதம் பொறுத்தது. பார்வையிட வந்த பொறியாளர் விளிம்பைச் சுற்றி நடந்துவிட்டு, "இந்த இடத்துல வார்ப்பு சரியா வரல போல. இதைத் தேச்சு விட்டுருங்க" என்றார். "அது வார்ப்புக் கோளாறு இல்ல சார். அதைத் தேய்க்க மாட்டேன்" என்றேன். என் குரலில் என்ன இருந்ததோ, அவர் எழுதிக்கொள்ளாமல் போய்விட்டார்.

இப்போது என்ன நடக்கிறது தெரியுமா? அந்த முண்டின் மேல் கால் வைத்துத்தான் சின்னப் பிள்ளைகள் காதுக்குள் ஏறுகிறார்கள். விளிம்பு அவர்களுக்கு உயரம், வழவழப்பு வேறு, வழுக்குகிறது. அந்த ஒரு இடம்தான் பிடி கொடுக்கிறது. பெரியவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். காதுத் துளைப் பக்கம் குனிந்து ஒரு கிழவர் ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நேற்றுப் பார்த்தேன். நான் அதில் குனிந்து எதுவும் சொல்லவில்லை. என் குறையைத்தான் அப்பா முன்பே கேட்டுவிட்டாரே.

இப்போது நீ எனக்கு ஒன்று செய். அப்பாவின் காது உன்னிடம்தான் இருக்கிறது. உன் தையல் மெஷினும் ஜன்னலோரம்தான் கிடக்கிறது. இரண்டு காதின் மேல் விளிம்பையும் மாமாவை விட்டுப் பார்க்கச் சொல், கண்ணாடியில் உனக்குத் தெரியாது. அதோடு டாக்டரிடமும் காட்டு. காட்டிவிட்டு எழுது. அதுவரை எனக்கு வேறு வேலை ஓடாது.

உன் தம்பி

நவம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

மாமா டார்ச் அடித்துப் பார்த்தார். என் காதை இவ்வளவு நேரம் அவர் பார்த்தது இதுதான் முதல் தடவை. மறுநாள் டாக்டரும் பார்த்தார், விரலால் தடவியும் பார்த்தார். ஒன்றும் இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டச் சொன்னார். மெஷினை ஜன்னலிலிருந்து தள்ளிப் போட்டுவிட்டேன். வெளிச்சம் குறைவுதான், பழகிக்கொள்வேன். அப்பாவின் நாற்காலி இருந்த இடத்தில்தான் இப்போது உட்கார்ந்து தைக்கிறேன்.

இங்கு எல்லோரும் நலம்.

அக்கா